பவர் பத்திரம்: யாருடைய கை, எதுவரை?

"பவர் இருக்குங்க, பயப்படாதீங்க."

சேலத்தில் வீட்டுமனை தேடி அலைந்தவர்கள் இந்த வரியை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். ஓமலூர் ரோட்டில் மனை காட்டுகிற புரோக்கர் சொல்வார். அப்பா பேரில் இருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்க வருகிற மகன் சொல்வார். சொல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு பொருள். ஒருவர் 'இடமே என்னுடையதாகிவிட்டது' என்று நினைத்துச் சொல்கிறார். இன்னொருவர் 'கையெழுத்து நான் போடலாம்' என்கிறார். மூன்றாமவர் 'அப்பா காலத்துக்குப் பிறகும் இது செல்லும்' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குழப்பத்தில் எங்கள் குடும்பமே இரண்டு வருடம் தவித்தது. பெரியப்பாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டம். முட்டி தேய்ந்துபோய், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க முடியாது என்று ஆனதும், சேலத்தில் குகை என்ற பகுதியில் இருந்த வீட்டோடு இருந்துவிட்டார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மகனுக்கு, அதாவது எங்கள் அண்ணனுக்கு, தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவரை எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். அந்தப் பத்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்போது தானாகவே முடிந்துபோகும் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிற்பாடு பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லீ பஜாருக்குப் போய் வருகிறவர்

ஒரு மளிகைக் கடைக்காரர், கடையை விட்டு நகர முடியாததால், தன்னிடம் வேலை பார்க்கும் பையனைச் செவ்வாய்பேட்டை லீ பஜாருக்கு அனுப்புகிறார். "நம்ம கணக்குல ஒரு மூட்டை துவரம்பருப்பு எடுத்துட்டு வா." பையன் போய் மூட்டையை எடுத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு வருகிறான். கடன் யாருடையது? கடைக்காரருடையது. பருப்பு யாருடையது? அதுவும் கடைக்காரருடையதுதான். கையெழுத்துப் போட்டது பையன் என்பதற்காகக் கடனும் அவனுக்கு வராது, மூட்டையும் அவனுக்குச் சொந்தமாகாது. அவன் கடைக்காரரின் கையாகப் போய் வந்தான், அவ்வளவுதான்.

பவரின் உள்ளே இருக்கும் விஷயம் இதுவே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இப்படி ஒருவருக்காக வேலை செய்பவரை 'முகவர்' என்கிறது. பேச்சு வழக்கில் ஏஜெண்ட். யாருக்காகச் செய்கிறாரோ அவரைப் பத்திரங்களில் 'பிரின்சிபால்' என்றே எழுதுவார்கள். நான் இங்கே 'கொடுத்தவர்' என்று சொல்லிக்கொள்கிறேன். லீ பஜார் பையனுக்கு வாய்வார்த்தை போதும். நிலம், பதிவு அலுவலகம், வங்கி, கோர்ட் என்று வந்தால் எதிரில் இருப்பவர் 'உங்களை அனுப்பியது அவர்தான் என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்பார். அந்தச் சான்றுதான் பவர் பத்திரம், அதாவது அதிகாரப் பத்திரம். இதற்கென்று 1882இலேயே ஒரு சின்னச் சட்டம் வந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். கொடுத்தவர் பவர் எழுதிக் கொடுத்ததால் தன் உரிமையை இழப்பதில்லை. பெரியப்பா பவர் கொடுத்த பிறகும் தோட்டம் அவருடையதுதான். அவரே நேரில் போய் மிளகு விற்றிருந்தாலும் செல்லும். அண்ணன் கையில் வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பெரியப்பாவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: பவர் ஒரு அனுமதி. செய்கிற கை முகவருடையது. சொத்தும், அதில் வரும் கடனும் லாபமும் கொடுத்தவருடையவை.

எழுதியது மட்டும்தான் அதிகாரம்

பவரில் இரண்டு வகை. ஒரே ஒரு காரியத்துக்காக, உதாரணமாக ஒரு குறிப்பிட்ட வீட்டை விற்கவோ ஒரு வழக்கை நடத்தவோ கொடுப்பது தனி அதிகாரப் பத்திரம். பல காரியங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பது பொது அதிகாரப் பத்திரம். 'பொது' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

பெரியப்பா கொடுத்தது பொது அதிகாரப் பத்திரம். ஆள் வைத்து வேலை வாங்கலாம், கூலி கொடுக்கலாம், காபிக்கொட்டையும் மிளகும் விற்கலாம், வரி கட்டலாம், அரசு அலுவலகங்களில் மனு கொடுக்கலாம். ஐந்து பக்கம் இருந்தது. ஏழெட்டு வருடம் கழித்து, தோட்டத்தில் ஒரு ஓரத்துத் துண்டை நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பெரியம்மாவின் மருத்துவச் செலவுக்குப் பணமும் தேவையாக இருந்தது. பத்திர எழுத்தரிடம் பவரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்து முடித்துவிட்டு, "விக்கிறதுக்கு இதுல ஒரு வரிகூட இல்லைங்களே" என்றார்.

பத்திரத்தில் இல்லாத அதிகாரத்தை நீதிமன்றங்கள் ஊகித்துச் சேர்க்காது. பராமரிக்கக் கொடுத்த பவரை வைத்து விற்க முடியாது. விற்கும் அதிகாரம் வேண்டுமென்றால் எந்தச் சொத்து, எந்த சர்வே எண், கிரயப் பத்திரத்தில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், கையெழுத்திட்டுப் பதிவு செய்து கொடுக்கலாமா, பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து பற்றிய பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை குத்திவிட்டால் போதும் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நிலத்துக்கு அது போதாது.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். நடமாட முடியாத முதியவர் என்றால், சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாமல், கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும்.

அப்புறம், முகவர் தனக்குக் கிடைத்த அதிகாரத்தைத் தன் இஷ்டத்துக்கு வேறொருவரிடம் கைமாற்றிவிட முடியாது. பத்திரத்தில் அப்படி அனுமதி இருக்க வேண்டும். கொடுத்தவருக்குச் சொல்லாமல் தன் மனைவி பேரிலோ பினாமி பேரிலோ அடிமாட்டு விலைக்கு எழுதிக்கொண்டால், அந்த விற்பனையை ஏற்க மாட்டேன் என்று கொடுத்தவர் நீதிமன்றம் போகலாம். கொடுத்தவருக்காக உயில் எழுதுவதும் எந்தப் பவரிலும் அடங்காது.

பவர் வாங்கினால் இடம் வாங்கியதாகுமா?

ஆகாது. இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி வெகு காலம் ஓடிக்கொண்டிருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக ஒரு கிரய ஒப்பந்தம், ஒரு பொது பவர், சில சமயம் கூடவே ஒரு உயில், இவற்றை எழுதி வாங்கிக்கொள்வது. டெல்லிப் பக்கத்தில் இது மிகப் பரவலாக நடந்தது, இங்கேயும் உண்டு. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் மூலமாகத்தான் நிலத்தின் உரிமை விலைக்குக் கைமாறும்; இப்படி பவரை வைத்துச் செய்யும் 'விற்பனை' விற்பனையே ஆகாது என்றது. அதே தீர்ப்பு, வெளியூரில் இருப்பவர் மகனுக்கோ சகோதரிக்கோ உண்மையாகக் கொடுக்கும் பவருக்கு இதனால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. பவரை வைத்து முகவர், கொடுத்தவர் சார்பாகக் கிரயப் பத்திரமே எழுதிப் பதிவு செய்தால் அது நல்ல கிரயம்தான்.

அதனால், 'பவர் வாங்கி வைத்திருக்கிறேன், வீடு கட்டிக்கொள்ளப் போகிறேன்' என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுத்தவர் இருக்கும்போதே கிரயம் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் 'இருக்கும்போதே' என்பது அடுத்து வருகிறது.

பவர் எப்போது முடிகிறது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கை: 'பவர் மூன்று வருடம்தான் செல்லும்.' பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு காலக்கெடு இல்லை. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட மூன்று வருடக் கெடு உண்டு. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து பவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். பத்திரத்திலேயே காலம் எழுதியிருந்தால் அந்தக் காலம் முடிந்ததும் பவரும் முடியும். எழுதாவிட்டால், கீழே சொல்லும் ஏதாவது ஒன்று நடக்கும்வரை நிற்கும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு இவற்றைச் சொல்கிறது. கொடுத்தவர் ரத்து செய்யலாம். முகவர் 'என்னால் முடியாது' என்று விலகலாம். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தாரோ அது முடிந்துவிடலாம். கொடுத்தவர் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவிக்கலாம். இருவரில் ஒருவர் இறந்துபோகலாம், அல்லது மனநலம் தப்பிப்போகலாம். முகவர் இறந்தால் அவர் மகனுக்கு அந்தப் பவர் வாரிசாக வராது. நான்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒருவருக்குக் கொடுத்த பவரில் ஒருவர் காலமானால், குறைந்தபட்சம் அவர் பங்குக்கு அந்தப் பவர் முடிந்தது. அவருடைய வாரிசுகளிடம்தான் போக வேண்டும்.

ரத்து செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொடுத்தவர் மனதுக்குள் ரத்து செய்தால் போதாது. முகவருக்குத் தெரியும்போதுதான் முகவரைப் பொறுத்தவரை ரத்து. வெளி ஆளுக்குத் தெரியும்போதுதான் அந்த வெளி ஆளைப் பொறுத்தவரை ரத்து. சட்டத்திலேயே இதற்கு அழகான உதாரணம் தந்திருக்கிறார்கள். மெட்ராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் இருக்கும் தன் பஞ்சை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு, விற்க வேண்டாம், பஞ்சை மெட்ராஸுக்கே அனுப்பிவிடு என்று இரண்டாவது கடிதம் போடுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் முகவர் பஞ்சை விற்கிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் பற்றித் தெரியும், இரண்டாவது தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்டு முகவர் ஓடிவிடுகிறார். நஷ்டம் யாருக்கு? மெட்ராஸ்காரருக்கு. வாங்கியவர் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதிய அந்த உதாரணத்தில் பஞ்சு இருக்கும் இடத்தில் இன்றைக்கு ஒரு மனையை வைத்துப் பாருங்கள். ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். முகவருக்கு ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். வங்கியோ வாங்க இருப்பவரோ யாரெல்லாம் அந்தப் பவரை நம்பிப் பழகுகிறார்களோ அவர்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் அசல் பவரையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். முகவர் ஏற்கனவே முறையாகச் செய்து முடித்த காரியங்களை ரத்து அழிக்காது.

சுருக்கமாக: பவருக்குப் பொதுவான ஆயுள் கிடையாது. அது ரத்தாலும் முடியும், வேலை முடிந்தாலும் முடியும், மனிதர்களோடும் முடியும்.

நினைவு தப்பும்போது

என்னை மிகவும் வருத்துகிற பகுதி இது. பெரும்பாலான குடும்பங்கள் பவர் எழுதுவதே, 'நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகி, யாரையும் அடையாளம் தெரியாமல் போனால் உதவும்' என்று நினைத்துத்தான். அந்த நாள் வரும்போது பவர் கூட வராது.

விற்க அதிகாரம் இல்லை என்று தெரிந்த பிறகு, பெரியப்பாவிடம் புதிதாக ஒரு பவர் எழுதி வாங்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்குள் அவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது. காலையில் சாப்பிட்டதை மாலையில் கேட்பார். என்னைப் பார்த்து, எப்போதோ காலமான தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வழக்கறிஞர் வீட்டுக்கே வந்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இது யாருங்க?" என்று அண்ணனைக் காட்டிக் கேட்டார். பெரியப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "தோட்டத்துல வேலை பாக்குற பையன்" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

வழக்கறிஞர் எங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிந்து முடிவெடுக்க முடியாதவரிடம் வாங்கும் எந்தப் பத்திரமும் செல்லாது. இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் கையெழுத்திடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த நேரத்தில் தெளிவாக இருந்தார் என்பதை நாளை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டாவது விஷயம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. அண்ணன் கையில் இருந்த பழைய பவரும் சட்டப்படி முடிந்துபோயிருந்தது.

ஏன் இப்படி? லீ பஜார் பையனையே திரும்ப நினைத்துப் பாருங்கள். அவன் முதலாளியின் விருப்பத்தைச் சுமந்துகொண்டு போகிறவன். முதலாளிக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் நிலையே இல்லாதபோது அவன் யாருடைய விருப்பத்தைச் சுமப்பான்? முதலாளியால் ரத்து செய்யவும் முடியாது, கணக்குக் கேட்கவும் முடியாது. அப்படி ஒருவரின் பெயரால் இன்னொருவர் தொடர்ந்து கையெழுத்திடுவதில் உள்ள ஆபத்தைச் சட்டம் பார்க்கிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நினைவு தப்பிய பிறகும் தொடரும் தனி வகைப் பவர் உண்டு. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் உண்டு என்று நினைக்கிறார்கள். நம் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே வழி, நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலராக நியமனம் பெறுவது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. வழி இருக்கிறது, ஆனால் மருத்துவச் சான்று, மனு, விசாரணை என்று காலமும் செலவும் பிடிக்கும். அதனால் வயதானவர்கள் தெளிவாக இருக்கும்போதே யோசிக்க வேண்டியது பவரோடு நிற்காது: வங்கிக் கணக்கில் மனைவியின் பெயரையும் சேர்ப்பது, உயில் எழுதி வைப்பது, விற்க வேண்டியதை அவரே விற்றுவிடுவது.

இறந்த பிறகு

பெரியப்பா மாசி மாதத்தில் காலமானார்.

கொடுத்தவர் இறந்த நொடியில் சொத்து உயிலின்படியோ வாரிசு முறைப்படியோ மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. பவரைக் கொடுத்தவர் இல்லை. சொத்தின் புதிய சொந்தக்காரர்கள் அந்தப் பவரைக் கொடுக்கவில்லை. ஆகவே இறப்பு தெரிந்த பிறகு அந்தப் பவரை வைத்து முகவர் எழுதிக் கொடுக்கும் கிரயம் நிற்காது. வங்கியில் பணம் எடுப்பதும் அப்படித்தான். உயிலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்: எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பவர் வேலை செய்யும், உயில் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

இறப்பு தெரியாமல் முகவர் நல்லெண்ணத்தோடு ஏதாவது பணம் செலுத்தியிருந்தால் அதைச் சட்டம் காப்பாற்றுகிறது. துபாயில் ஒருவர் காலமாகி, செய்தி வருமுன் இங்கே முகவர் வரி கட்டிவிட்டார் என்றால் அது கட்டியதுதான்.

இன்னொரு விலக்கும் உண்டு, இதைத்தான் பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சொத்தில் முகவருக்கே ஒரு சொந்த உரிமை சம்பந்தம் இருந்தால், அதைப் பாதிக்கும்படி பவர் முடிவுக்கு வராது. 202ஆம் பிரிவு தரும் உதாரணம்: கடன்பட்டவர், கடன் கொடுத்தவரிடமே, 'என் நிலத்தை விற்று உன் கடனை எடுத்துக்கொள்' என்று அதிகாரம் கொடுக்கிறார். இதை ரத்து செய்யவும் முடியாது, இறப்பாலும் இது போகாது. இந்த விலக்கைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாப் பவரிலும் 'ரத்து செய்ய முடியாத பவர்' என்று தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் பெங்களூரு நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தலைப்பில் போடும் சொல்லால் ஒரு பவர் அப்படி ஆகிவிடாது, உள்ளே எழுதியிருக்கும் விஷயத்தைத்தான் பார்ப்போம் என்று தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் கொடுத்தவர் இறந்த பிறகு பவரை வைத்து எழுதிய கிரயம் நிற்கவில்லை.

பவரை நம்பி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

அசல் பவரைக் கேளுங்கள், நகலோடு திருப்திப்படாதீர்கள். விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில், சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டு ரத்து ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் முகவர் கிரயம் எழுத வரும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான ஆயுள் சான்று கேட்கிறார்கள். அதோடு நிறுத்தாமல் முடிந்தால் கொடுத்தவரை நேரில் பாருங்கள், இல்லாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது பேசிவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசினாலே உயிரோடு இருக்கிறாரா, தெளிவாக இருக்கிறாரா, விற்பது அவருக்குத் தெரியுமா என்ற மூன்றும் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பறித்த மிளகு

பெரியப்பா போனபோது சில்வர் ஓக் மரங்களில் மிளகு பாதி பறித்தபடி நின்றது. பவர் முடிந்துவிட்டது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டதால், அண்ணன் தோட்டத்துக்குப் போகவே பயந்தார். தன் அக்காமார்கள் நாளை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். திரும்பவும் கேட்டோம். "விக்கத்தான் கூடாது. பாதுகாக்க வேண்டியது உங்க கடமைங்க" என்றார் அவர். 209ஆம் பிரிவு அது. கொடுத்தவர் இறந்தாலோ மனநலம் தப்பினாலோ, முகவர் தன்னிடம் ஒப்படைத்ததை வாரிசுகளுக்காகக் கெடாமல் காக்க வேண்டும்.

அண்ணன் மறுநாளே ஆள் விட்டு மிளகைப் பறித்து, களத்தில் காயவைத்து, சாக்கில் கட்டி வைத்தார். எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்று பெரியப்பாவின் பழைய நோட்டிலேயே, அவர் கையெழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே எழுதினார். வாரிசுச் சான்று வந்த பிறகு பெரியம்மா, ஆத்தூர் அக்கா, பெங்களூரு அக்கா, அண்ணன் நால்வரும் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, ஓரத்துத் துண்டை அவரவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகே விற்ற மிளகின் பணத்தையும் அந்த நோட்டையும் அண்ணன் பெரியம்மாவிடம் கொடுத்தபோது, அவர் நோட்டைத் திறந்து பெரியப்பாவின் கடைசி வரி எது என்று மட்டும் கேட்டார்.